புனைகதையும் பூப்பெயர்களும்

சங்கச் சான்றோரின் அகப்பாடல்களில் மலர்கள் மலிந்து கிடக்கின்றன. தலைவியின் பெயரோ ஓரிடத்தும் இல்லை. ஐந்திணைக்கும் பெயராய் நிற்பவை குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் மரஞ்செடி கொடிகளே. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டிலே, தலைவியும் தோழியும் கொய்து பாறைமேற் குவித்தனவாக 99 மலர்களை அடுக்கிச் சொல்கிறார். அவற்றைக் கொய்த பெண் யாரென்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அகத்திணைத் தலைமக்களை இயற்பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாதென்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஆகவே அக்காலத்துத் தாய் ஒருத்தி தன் மகளுக்குப் பூவின் பெயரிட விரும்பியிருப்பின், அவள் கண்முன் பூ இருந்தது. அப்பூவின் பெயரைத் தாங்கி இன்பமும் துன்பமும் உற்ற ஒரு பெண் பாட்டில் இருக்கவில்லை.

கபிலர் கூறிய 99 மலர்களுள் எத்தனை இன்று மக்கட் பெயராய் வழங்குகின்றன என்று எண்ணிப் பார்ப்பின் இதன் பொருள் விளங்கும். தாமரை, சண்பகம், முல்லை முதலிய சிலவே தேறும். பிடவமும் செருந்தியும் தோன்றியும் அழகிற் குறைந்தனவல்ல. ஆயினும் எந்தக் குழந்தையும் அவற்றின் பெயரால் அழைக்கப்படுவதாகத் தெரியவில்லை. பூ அழகாயிருப்பது மட்டும் அதனைப் பெயராக்கப் போதாது. அது தொட்டிலை அடைவதற்கு இடையே ஒரு வழி வேண்டும். அவ்வழி தமிழரிடையே பெரும்பாலும் கதையாகவே இருந்திருக்கிறது. கோயிலிற் கேட்ட கதை, அம்மானையாகப் பாடிய கதை, பின்னர் வாரந்தோறும் இதழில் வந்த கதை என அதன் உருவம் காலந்தோறும் மாறியதேயன்றித் தொழில் மாறவில்லை.

தலைவிக்குப் பெயரிட்டுப் பாடிய முதற் பெருங்காப்பியம் சிலப்பதிகாரம். அங்கே கண்ணகிக்கு எதிராக நிறுத்தப்பட்டவள் மாதவி. மாதவி என்பது குருக்கத்திக் கொடிக்குரிய பெயர். இளங்கோவடிகள் இப்பெயரை வாளா இட்டார் என்று கொள்ளுதற்கில்லை. புறஞ்சேரி இறுத்த காதையிலே, கோவலனைத் தேடிவந்த கௌசிகன் வேனிலால் வாடி நின்ற ஒரு குருக்கத்திக் கொடியைக் கண்டு, கோவலனைப் பிரிந்த மாதவியைப் போல நீயும் வாடினாயோ என்று அக்கொடியையே விளித்துப் பேசுகிறான். அப்பேச்சைக் கேட்டே, உருமாறி நின்ற கோவலன் அவன்பால் வருகிறான். பெண்ணின் பெயரும் செடியின் பெயரும் ஒன்றாயிருத்தலே இங்குக் கதையை நடத்திச் செல்கின்றது. இத்துணைச் சிறப்புடன் இலக்கியத்திற் புகுந்த பெயரெனினும், மாதவி என்று பெயரிட்ட பிற்காலத்தவர் பலர் குருக்கத்தியை நினைத்தவரல்லர். மாதவனின் தேவி என்னும் பொருளே அவர்க்கு முன்னின்றது. கணிகையர் குலத்தவளாகக் காப்பியம் காட்டிய ஒருத்தியின் பெயர், கடவுட் பொருளொன்று அருகில் இருந்தமையால் இல்லங்களுக்கு உரியதாயிற்று எனலாம்.

யாழ்ப்பாணத்தை நோக்குவோர்க்கு இதனினும் தெளிவான சான்று வள்ளி என்னும் பெயர். வள்ளி என்பது கொடிக்கும் பெயர்; அக்கொடியின் கிழங்குக்கும் பெயர். மான் ஈன்ற பெண்குழவி வள்ளிக் கிழங்கு அகழ்ந்த குழியிற் கிடந்தமையாலும், குறவர் தலைவனாகிய நம்பி அக்குழவியைக் கண்டெடுத்தமையாலும் அவளுக்கு அப்பெயர் வந்ததெனக் கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்திற் கூறுவர். அந்நூலின் இறுதிப் படலம் வள்ளியம்மை திருமணப் படலமே. ஒருவர் பாட்டை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரவர் கூடியிருந்து கேட்கும் புராண படனம் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் இந்நாட்டு வாழ்வைக் கந்தபுராணக் கலாசாரம் என்று குறித்தமை இதுபற்றியே. எழுத்தறியாத மூதாட்டியும் வள்ளியின் கதையை அறிந்திருந்தாள். வள்ளி, வள்ளியம்மை, வள்ளிநாயகி என்னும் பெயர்கள் வீடுதோறும் வழங்கின. புராணத்தைப் புனைகதையோடு ஒருதரமாக வைத்தெண்ணுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. கேட்டார் நெஞ்சில் ஒரு பெண்ணை உயிரோடு நிறுத்தி, அவள் பெயரைத் தம் மகளுக்கு இடத் தூண்டியதில் மட்டுமே பின்வந்த நாவல்களுக்கு அது முன்னோடி. தோட்டத்தில் விளையும் ஒரு கிழங்குக் கொடியின் பெயர் இத்துணை அன்போடு பிள்ளைகளுக்கு இடப்பட்டது கதையின் வலியாலன்றி வேறெதனால் ஆகும்?

இப்பெயர்கள் ஒரு குடும்பத்துள் நிலைத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. பாட்டி வள்ளியம்மையாயின் பேர்த்தியும் வள்ளியம்மையாகவோ வள்ளிநாயகியாகவோ இருந்தாள். புதுப்பெயர் ஒன்று குடும்பத்துட் புக வேண்டுமாயின் முன்னோர் பெயரொன்று விலக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் நாவல்கள் வந்து புதுப்பெயர்களை நீட்டியபோது வீடுகளில் எழுந்த பிணக்கிற்கு அடிப்படை இதுவே. பதிவுக்கு ஒரு பெயரும் வீட்டில் அழைக்க ஒரு பெயருமாக இரண்டினை வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்பிணக்கைத் தணிக்கவும் உதவிற்று.

கதை ஒரு பெயரை வளர்ப்பதுபோல மறைக்கவும் வல்லது. அல்லி என்னும் பெயரின் வரலாறு இதற்குச் சான்றாகும். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலை மலிவுப் பதிப்புகளாக ஊரெங்கும் பரவி, பாட்டாகவும் கூத்தாகவும் மக்களிடம் செல்வாக்குப் பெற்ற நூல். ஆடவரை அடக்கியாண்ட அரசி அல்லி. ‘அல்லி இராச்சியம்’ என்பது பெண் ஆதிக்கம் செலுத்தும் வீட்டைக் கேலிசெய்யும் தொடராக இன்றும் நிலவுகிறது. இக்கதையின் ஆட்சி நிலத்தின்மீதும் படர்ந்தது. முத்துக் குளிப்பைப் பார்வையிடும் பொருட்டு ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் ஒரு மாளிகை கட்டுவித்தார். கிரேக்கக் கட்டடப் பாணியில் எழுந்த அம்மாளிகையின் இடிபாட்டை மக்கள் ‘அல்லிராணிக் கோட்டை’ என்றே அழைக்கின்றனர். கட்டியவன் பெயரை மறந்து, கட்டாதவள் பெயரை அதற்கு இட்டார்கள். இத்துணைப் பெயர்பெற்ற அல்லியைத் தன் மகளாக எண்ணிப் பார்க்க ஒரு தாய் தயங்கியதில் வியப்பில்லை. குளமெல்லாம் பூத்த மலராயிருந்தும், கேலியின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தது.

இனி, தமிழ் நாவலின் தொடக்க காலத்தை நோக்குவோம். பி. ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் வெளிவரத் தொடங்கிற்று. அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வந்தது. கமலமும் பத்மமும் தாமரையே. எனினும் இந்நாவல்கள் தாமரைப் பெயரைப் பரப்பின என்று சொல்வது பொருந்தாது. திருவாரூர்க் கமலாம்பிகையாலும் தாமரையில் உறையும் திருமகளாலும் அப்பெயர்கள் ஏற்கெனவே இல்லங்களில் வழங்கின. நாவலாசிரியர் அங்கிருந்து எடுத்துக்கொண்டனர். தம் கதை உண்மை வாழ்வைப் போல அமைதல் வேண்டும் என்று கருதிய அவர்கள், வாசகர் வீட்டிலேயே இருக்கும் பெயர்களைத் தேடினார்கள். வங்கத்தில் பங்கிம் சந்திரர் 1873இல் நூலாக வெளியிட்ட ‘விஷவிருட்சம்’ வேறு வகையானது. அதில் வரும் மகளிர் சூரியகாந்திப் பூவின் பெயருடைய சூரியமுகி, குந்தமென்னும் மல்லிகை வகையின் பெயர் கொண்ட குந்தநந்தினி, தாமரைப் பெயரினளாகிய கமலமணி. நூலின் தலைப்பும் ஒரு மரம். பாத்திரங்களின் குணவேறுபாட்டை மலர்வேறுபாட்டால் உணர்த்த அவர் முயன்றார் என்றே கொள்ளலாம். தமிழில் அத்தகைய முயற்சி சற்றுப் பிந்தியே வந்தது.

1911இல் மறைமலையடிகள், ரெயினால்ட்சு என்னும் ஆங்கில ஆசிரியரின் ‘லீலா’ என்ற கதையைத் தழுவிக் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்னும் நாவலை எழுதினார். குமுதம் ஆம்பல், வல்லி கொடி. லீலா என்பது இரவைக் குறிக்கும் அரபுப் பெயரின் ஒரு வடிவம். ஆம்பல் இரவில் மலர்வது. இவ்வொற்றுமை தற்செயலாயினும் சுவையுடையதே. அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய ஆண்டு 1916. குமுதம் வடசொல்லாதலின், ஐந்தாண்டு கழித்து அந்நாவலை எழுதியிருப்பாராயின் நாகநாட்டரசிக்கு வேறு பெயர் வாய்த்திருக்கக் கூடும்.

இவ்வியக்கம் பூப்பெயர்களின் வரலாற்றில் ஒரு திருப்பம். வடமொழிப் பெயரை விலக்க விரும்பியவர்க்கும், சாதியையும் சமயப் பிரிவையும் காட்டாத பெயரை நாடியவர்க்கும் மலர்ப்பெயர் ஏற்றதாயிருந்தது. பத்மா தாமரையானாள், புஷ்பா மலரானாள். ஆனால் மொழிபெயர்த்துக் கொண்ட பெயர் அகராதிச் சொல்லாகவே நின்றுவிடும். அதற்கு ஒரு முகம் வேண்டும். அம்முகத்தைத் தந்தவர்கள் கவிஞரும் நாவலாசிரியருமே. பாரதிதாசன் 1938இல் வெளியிட்ட ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியத்தின் தலைவி பூங்கோதை, தலைவன் பொன்முடி. அக்கதை 1950இல் சேலம் மொடேர்ண் தியேட்டர்ஸ் நிறுவனத்தால் ‘பொன்முடி’ என்ற பெயரில் திரைப்படமாகி, நூல் படியாதவரையும் அடைந்தது. மு. வரதராசனார் 1940களின் பிற்பகுதி தொடக்கம் எழுதிய நாவல்களுட் சிலவற்றிற்குப் பெண்பெயரையே தலைப்பாக்கினார்: செந்தாமரை, மலர்விழி, அல்லி. கல்லூரி மாணவரும் ஆசிரியரும் அந்நாவல்களை அறநூல் போலப் போற்றிப் படித்தனர். மணவீடுகளிற் பரிசாகவும் வழங்கினர். மணப்பரிசாகச் சென்ற நூல் தொட்டில் கட்டும் வீட்டிற்கே சென்றது என்பதை மறத்தலாகாது. அல்லி என்னும் பெயரை வரதராசனார் தெரிந்தெடுத்ததும் கருதத்தக்கது. நூறாண்டுக் கேலியைச் சுமந்திருந்த ஒரு பெயரைக் கற்ற பெண்ணொருத்திக்கு இட்டு, அதனை மீட்டுத் தந்தார். அல்லியரசாணி மாலை எடுத்துக்கொண்டதை ஒரு நாவல் திருப்பிக் கொடுத்தது எனலாம்.

நூலினும் விரைவாக வேலை செய்தவை வார இதழ்கள். தொடர்கதையை வாசிப்பவர் ஒரு பாத்திரத்தோடு ஓராண்டோ ஈராண்டோ உடன்வாழ்கிறார். அடுத்த வாரம் அவளுக்கு என்ன நேருமோ என்று அடுக்களையிலும் கிணற்றடியிலும் பேச்சு நிகழ்கிறது. அண்டை வீட்டுப் பெண்ணைப் போல அவள் பெயர் நாவிற் பழகிவிடுகிறது. ‘ஆனந்த விகடன்’, 1941இல் தோன்றிய ‘கல்கி’ முதலிய இதழ்கள் கடல்கடந்து இலங்கைக்கு வந்தன. ஒரு பிரதி பல வீடுகள் சுற்றியது. தொடர்கதைப் பக்கங்களைத் தனியே கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தவர் அநேகர். 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, பழைய கட்டுகளே கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டன.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னிலே குந்தவை சாசனங்களில் இடம்பெற்ற அரசகுமாரி. பூங்குழலியோ ஆசிரியரின் கற்பனையிற் பிறந்தவள். கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குத் தனியே ஓடம் செலுத்துபவள். பூவணிந்த கூந்தலையுடையாள் என்னும் பொருள்தரும் இப்பெயர் முற்றிலும் புதுமையானதன்று. சிவாலயங்களில் அம்மைக்குக் குழலி என முடியும் திருநாமங்கள் பல உண்டு. திருவாலங்காட்டு வண்டார்குழலி அவற்றுள் ஒன்று. கல்கி அவ்வார்ப்பிலே ஓடக்காரப் பெண்ணொருத்தியை வார்த்தார். அம்மையின் பெயர்போல ஒலித்தமையால் முதியோர்க்கும் அது இசைந்தது. துணிவுடைய பெண்ணின் பெயராதலால் இளையோர்க்கும் உவந்தது. 2022இலும் 2023இலும் இரு பகுதிகளாக வந்த திரைப்படம் அப்பெயரை மற்றொரு தலைமுறைக்கு எடுத்துச் சென்றது.

ஆயினும் கதைக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பை ஐயமறக் காட்டுவது நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’. 1960ஐ ஒட்டிக் ‘கல்கி’யில் தொடராக வந்த அந்நாவலின் தலைவன் அரவிந்தன், தலைவி பூரணி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அக்காலத்திற் பிறந்த பிள்ளைகள் பலர் இவ்விரு பெயர்களைப் பெற்றனர். ஒரே வீட்டில் மகன் அரவிந்தனாகவும் மகள் பூரணியாகவும் வளர்ந்தமையும் உண்டு. இங்கே மூன்று செய்திகளை ஊன்றி நோக்குதல் வேண்டும். அரவிந்தம் தாமரை, ஆகவே அரவிந்தன் மலர்ப்பெயர். பூரணி நிறைவைக் குறிக்கும் பெயர். அதற்கும் பூவுக்கும் தொடர்பில்லை. இரண்டும் ஒருங்கே பரவின. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மலையெல்லாம் நீலமாய்ப் பூக்கும் குறிஞ்சியோ நூலின் தலைப்பிலேயே நின்றும் தொட்டிலுக்கு வரவில்லை. பூவின்மேலுள்ள விருப்பமே காரணமாயின் குறிஞ்சி என்றன்றோ முதலிற் பெயரிட்டிருப்பர்? வாசகர் விரும்பியது மலரையன்று, மனிதரை. அம்மனிதருள் ஒருவர் மலரின் பெயரைத் தாங்கியிருந்தார். அவரோடு அம்மலரும் வீட்டுக்குள் வந்தது.

அரவிந்தன் என்னும் பெயரைப் பொறுத்தவரை ஒரு தடை கூறலாம். 1910 முதல் 1950 வரை புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தரால் அப்பெயர் முன்னரே தமிழர்க்கு அறிமுகமானது. அஃது உண்மையே. ஆனால் பூரணியோடு இணையாக அது இடப்பட்டதற்கு அவ்வறிமுகம் விடையாகாது. வேறொன்றும் உண்டு. கதையில் அரவிந்தன் மணம் முடிக்குமுன்னரே இறந்துபோகிறான். துன்பமுற்றவர் பெயரைப் பிள்ளைக்கு இடுதல் ஆகாதென்பது பழைய அச்சம். கண்ணகி அம்மனாய் நின்று வழிபடப்படும் மட்டக்களப்பிலும் வன்னியிலும்கூட, கண்ணகி என்று மகளுக்குப் பெயரிடுவோர் மிகுதியில்லை. அவ்வச்சம் அரவிந்தன் முன் தளர்ந்துவிட்டது. இளமையில் மாண்ட ஒருவனின் பெயரைத் தம் தலைமகனுக்கு இட்டார்கள். பாத்திரத்தின் முடிவைக் காட்டிலும் அவன் ஒழுக்கத்தைப் பெற்றோர் பெரிதாக மதித்தனர் போலும். நாவல் என்னும் கலைவடிவம் தமிழ்க் குடும்பத்துள் எத்துணை ஆழம் சென்றிருந்தது என்பதை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் கிடைப்பதரிது.

குறிஞ்சி மக்கட் பெயராய்ப் பரவாவிடினும் கோயிற் பெயராய் நிலைத்தது. கோடைக்கானலில் உள்ள குறிஞ்சியாண்டவர் கோயில், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையாரால் 1936இல் எழுப்பப்பெற்றது. பேராதனைப் பல்கலைக்கழகச் சூழலில் குறிஞ்சிக் குமரன் எழுந்தருளியிருக்கிறான்.

எல்லாப் பூப்பெயர்களையும் கதையின் கணக்கிலே சேர்த்துவிடுதலும் முறையன்று. யாழ்ப்பாணத்தில் ஞானமலர், தவமலர், பொன்மலர், இராசமலர் என மலர் என்னும் ஈறு பெற்ற பெயர்கள் ஒரு காலத்திற் பெருகின. இவற்றை எந்த நாவலும் தரவில்லை. முன்னோர் பெயரின் முதற்பகுதியை வைத்துக்கொண்டு, அம்மை, பிள்ளை, ஆச்சி என்னும் பழைய ஈறுகளுக்குப் பதிலாக மலரைச் சூட்டியதாகவே இவை தோன்றுகின்றன. ஞானம்மாவின் பேர்த்தி ஞானமலரானாள். பாட்டியும் விலகவில்லை, புதுமையும் கைகூடிற்று. முன்னோர் பெயரா, புதுப்பெயரா என்னும் பிணக்கிற்கு யாழ்ப்பாணத்தார் கண்ட தீர்வுகளுள் இது மிக நயமானது.

பெயரிடும் நாளில் சோதிடர் கூறும் எழுத்தும் ஒரு காரணமே. கார்த்திகை நட்சத்திரத்துக்குரிய எழுத்துகளுள் அகரமும் ஒன்று. அத்தத்துக்குரியவற்றுள் ‘பூ’ ஒன்று. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து குழந்தைக்குப் பெயரிட வீட்டார் கூடியிருக்கையில், ‘பூ’ என்று எழுத்துக் குறித்த ஏட்டைப் பார்த்த தாயின் நினைவில் முதலில் எழுவது எது? 1930இல் அவள் பூரணம் என்றோ பூமணி என்றோ கூறியிருப்பாள். 1955இல் பூங்குழலி வந்துவிட்டாள். 1965இல் பூரணி காத்திருந்தாள். எழுத்தைச் சோதிடர் கொடுத்தார். அவ்வெழுத்துக்குப் பின்வரும் பெயரைத் தொடர்கதை கொடுத்தது.

இவ்வரலாற்றை இன்னும் நுணுகி ஆராய விரும்புவோர்க்கு மூலங்கள் தொலைவில் இல்லை. ஒவ்வொரு பழைய பாடசாலையிலும் சேர்விடாப்பு உண்டு; பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் என்பன வரிசையாய் எழுதப்பட்டவை அவை. போரினாலும் இடப்பெயர்வினாலும் அழிந்தவை போக எஞ்சியவற்றிற் சிலவற்றை எடுத்து, பத்தாண்டுக்கொரு முறை பெண்பிள்ளைகளின் பெயர்களை மட்டும் பிரித்தெழுதினாற் போதும். வள்ளியம்மை எந்த ஆண்டோடு அருகுகிறாள், கமலாதேவி எப்போது பெருகுகிறாள், மலர் என்னும் ஈறு எந்த ஊரில் முதலிலே தோன்றுகிறது, செந்தாமரையும் பூங்குழலியும் நகரத்துக் கல்லூரிக்கு முன்வந்தனரா கிராமத்துப் பாடசாலைக்கு முன்வந்தனரா என்பனவெல்லாம் அங்கே தெரியவரும். தொடர்கதை இதழில் வந்த ஆண்டுக்கும், அப்பெயருடைய பிள்ளை அரிவரி வகுப்பிற் சேர்ந்த ஆண்டுக்கும் இடையே ஐந்தாறு ஆண்டு கழிந்திருக்கும் என்பதைக் கணக்கிலே கொள்ளவேண்டும். 1950இல் தொடங்கிய கதையின் பூங்குழலியை 1956ஆம் ஆண்டுப் பக்கத்திற்கு முன்னர்த் தேடுதல் வீண்.